நாவிக்: செய்தவர் உண்டு, பொறுப்பாளர் யார்?

2025 டிசம்பர் 1 அன்று மாநிலங்களவையில் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு ஒரு கேள்விக்கு எழுத்துமூலம் பதில் அளித்தார். டெல்லி விமான நிலையத்தில் இறங்க வந்த சில விமானங்களுக்குப் போலி ஜிபிஎஸ் சிக்னல் கிடைத்தது உண்மைதான் என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தார். கொல்கத்தா, அமிர்தசரஸ், மும்பை, ஹைதராபாத், பெங்களூரு, சென்னை ஆகிய நிலையங்களிலிருந்தும் ஜிபிஎஸ் குறுக்கீடு குறித்த தகவல்கள் வருவதாக அதே பதில் சொன்னது. பேச்சு முழுக்க டெல்லியைச் சுற்றியே நடந்தது. பட்டியலில் சென்னையும் இருந்ததை இங்கே அதிகம் பேர் கவனிக்கவில்லை.

கவனித்திருக்க வேண்டியவர்கள் தென்சென்னைப் புறநகர்க்காரர்கள். பல்லாவரத்துக்கு மேற்கே திருநீர்மலைக் குன்றின் படிகளில் ஏறி நின்றால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவதும் ஏறுவதும் தெரியும். பரங்கிமலை, பல்லாவரம் மலை, திருநீர்மலை என்று குன்றுகள் சூழ்ந்த விமான நிலையம் இது. இறங்கும் விமானம் எந்தப் புள்ளியில் எந்த உயரத்துக்குக் கீழே போகக் கூடாது என்று வகுத்துவைத்திருக்கிறார்கள். குன்றுகளின் உயரம் அந்தக் கணக்கில் அடக்கம். தெற்கே சற்றுத் தள்ளித் தாம்பரத்தில் விமானப்படைத் தளம் ஒன்றும் இருக்கிறது. கீழே பம்மல், அனகாபுத்தூர், குரோம்பேட்டை என்று இடைவெளியே இல்லாமல் வீடுகள்.

மேகம் கவிந்த ஒரு மாலையில் இந்த வானத்தில் ஒரு விமானத்துக்குப் போலி சிக்னல் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு யார் பதில் சொல்வது? விமானி கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வார். கட்டுப்பாட்டு அறை இந்திய விமான நிலைய ஆணையத்தைச் சேர்ந்தது. 2025 நவம்பரில் வந்த உத்தரவின்படி பத்து நிமிடத்துக்குள் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ-வுக்குத் தகவல் போக வேண்டும். போலி சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் கருவியும் அதிகாரமும் இந்த இரு அமைப்புகளிடமும் இல்லை. அது தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள கம்பியில்லாத் தொடர்புக் கண்காணிப்பு அமைப்பின் வேலை. டெல்லி விவகாரத்தில் ஆணையம் அந்த அமைப்பைத்தான் நாடியது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களை இயக்குவது அமெரிக்க விண்வெளிப் படை. அந்த சிக்னலில் உள்ள பிழையைத் திருத்தித் தரும் ககன் அமைப்பை உருவாக்கியவர்கள் இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும். சிக்னலை அனுப்பியவன் உள்ளூர்க்காரன் என்றால் போலீஸ், எல்லைக்கு அப்பால் என்றால் பாதுகாப்புத் துறையும் வெளியுறவுத் துறையும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. சென்னை ஓடுதளத்தில் தரையிலிருந்து வழிகாட்டும் ஐ.எல்.எஸ். கருவி இருக்கிறது. செயற்கைக்கோள் கைவிட்டால் பழைய தரைக் கருவிகளைக் கொண்டு சமாளிக்கும் வலையமைப்பை நாடு முழுவதும் விட்டுவைத்திருப்பதாக அமைச்சரின் அதே பதில் கூறுகிறது. இன்றைக்கு ஆபத்து குறைவுதான். ஆனால் ஒரு நாட்டின் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பு என்பது விண்ணில் சுற்றும் இயந்திரங்களைவிட அதிகமாகத் தரையில் இருக்கும் பொறுப்புப் பங்கீட்டைச் சார்ந்தது என்பதற்கு இந்த ஒரு நிகழ்வே போதும். இந்தியா ஒன்றல்ல, இரண்டு அமைப்புகளை உருவாக்கியிருக்கிறது. ஒன்றில் பொறுப்பைத் தெளிவாகப் பிரித்தோம், மற்றதில் பிரிக்கவில்லை. இரண்டும் அடைந்த கதி வேறு வேறு.

ககன்: மூன்று கையொப்பங்கள்

முதலாவது ககன். ஜிபிஎஸ் சிக்னல் பூமிக்கு வரும் வழியில் அயனமண்டலத்தைக் கடக்கும்போது தாமதமாகிறது. அந்தத் தாமதத்தை அளந்து, திருத்தத்தை விமானத்துக்கு அனுப்பினால் இடம் துல்லியமாகக் கிடைக்கும். அமெரிக்காவும் ஐரோப்பாவும் நமக்கு முன்பே இதைச் செய்துவிட்டன. ஆனால் அவர்களுடைய கணக்கை அப்படியே நகலெடுக்க முடியாது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தெற்குக் கோடியை ஒட்டிச் செல்கிறது. தும்பாவில் 1963-இல் ராக்கெட் தளம் அமைத்ததற்கும், திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வகம் நடத்துவதற்கும் காரணம் இதுதான். இந்தக் கோட்டை ஒட்டிய வானத்தில் அயனமண்டலம் அமைதியாக இருப்பதில்லை. சூரியன் மறைந்தபின் அதில் குமிழிகள் கிளம்புகின்றன, சிக்னல் தடுமாறுகிறது. ஆகவே இஸ்ரோ தனக்கென ஓர் அயனமண்டலக் கணக்கை உருவாக்க வேண்டியிருந்தது. நிலநடுக்கோட்டுப் பகுதிக்கென்று உலகில் முதலில் சான்று பெற்ற அமைப்பு ககன்.

தொழில்நுட்பச் சாதனை பெரிது. அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது அதன் நிர்வாக அமைப்பு. 774 கோடி ரூபாய்த் திட்டத்தில் விண்ணில் இருக்க வேண்டியதை இஸ்ரோ பொறுப்பேற்றது. தரையில் உள்ள நிலையங்களையும் அன்றாட இயக்கத்தையும் விமான நிலைய ஆணையம் ஏற்றது. திருவனந்தபுரத்திலிருந்து ஜம்மு வரை, போர்பந்தரிலிருந்து போர்ட் பிளேர் வரை 15 கண்காணிப்பு நிலையங்கள், பெங்களூரு குந்தலஹள்ளியில் கட்டுப்பாட்டு மையம். மூன்றாவதாக டிஜிசிஏ. இந்த சிக்னலை நம்பி விமானம் இறங்கலாமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் செய்தவர்களிடம் இல்லை, அவர்களிடம் இருந்தது.

இந்த மூன்றாவது கைதான் திட்டத்தை ஒழுங்குக்குள் வைத்தது. 2010 ஏப்ரலில் ஜிஎஸ்எல்வி ராக்கெட் விழுந்து, ககன் கருவியைச் சுமந்த ஜிசாட்-4 கடலுக்குள் போனது. 2011-இல் ஜிசாட்-8, 2012-இல் ஜிசாட்-10, 2015-இல் ஜிசாட்-15 என்று அடுத்தடுத்து கருவிகள் மேலே போயின. ராக்கெட் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று யாரும் வெற்றி அறிவித்துவிட முடியவில்லை. பயணப் பாதையில் பயன்படுத்தலாம் என்று டிஜிசிஏ சான்று தந்தது 2013 டிசம்பர் 30-இல். இறங்கும்போது உயரத்துக்கும் வழிகாட்டலாம் என்ற அடுத்த நிலைச் சான்று 2015 ஏப்ரல் 21-இல். ககன் தரும் வாக்குறுதி துல்லியம் மட்டுமல்ல. சிக்னல் நம்பத் தகாததாகிவிட்டால் சில நொடிகளுக்குள் விமானிக்கு எச்சரிக்கை போய்ச் சேரும் என்பதுதான் அதன் உயிர்நாடி. அந்த வாக்குறுதியைத் தருபவர் ஒருவர், சோதித்துக் கையெழுத்திடுபவர் வேறொருவர்.

குறை இல்லாமல் இல்லை. சான்று வந்த 2015-க்கும், ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ககன் துணையோடு முதன்முதலாக இறங்கிய 2022 ஏப்ரலுக்கும் நடுவே ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. 2019 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் பதிவாகும் விமானங்களில் ககன் கருவி இருக்க வேண்டும் என்று 2016-இன் விமானப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. அந்தக் கெடு தள்ளிப்போய் 2021 ஜூலை ஆனது. அமைப்பை உருவாக்கும் பொறுப்பும் சான்றளிக்கும் பொறுப்பும் எழுதப்பட்டிருந்தன. விமான நிறுவனங்களைப் பயன்படுத்தவைக்கும் பொறுப்பு அதே அழுத்தத்தோடு எழுதப்படவில்லை. எழுதிய இடத்தில் வேலை நடந்தது, எழுதாத இடத்தில் இழுத்தடித்தது.

போலி சிக்னலை அடையாளம் காட்டுவதும் ககனின் வேலை அல்ல. ஐரோப்பாவின் கலிலியோ, சிக்னல் தன்னுடையதுதான் என்று பெறுபவர் சரிபார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஜூலையில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. இந்தியாவில் அப்படியொன்று வேண்டும் என்று விமானத் துறை விரும்பினால் யாரிடம் கேட்பது, யார் செலவு செய்வது? இங்கேதான் இரண்டாவது அமைப்பின் கதை வருகிறது.

நாவிக்: ஐந்து ஆண்டு வெற்றிடம்

ககன் என்பது ஜிபிஎஸ்ஸுக்கு வைத்த கைத்தடி. ஜிபிஎஸ் இல்லையென்றால் ககனும் இல்லை. இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான நாவிக் தன் காலில் நிற்பது. 1,420 கோடி ரூபாயில் மத்திய அரசு 2006-இல் ஒப்புதல் தந்தது. கார்கில் போரின்போது அமெரிக்கா ஜிபிஎஸ் தகவலைத் தர மறுத்ததால் பிறந்த திட்டம் என்று மேடைகளில் சொல்லிச் சொல்லி அது ஒரு புராணமாகவே ஆகிவிட்டது. அதைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. 1999-இல் ஜிபிஎஸ்ஸின் பொது சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே கலங்கலாக்கித்தான் உலகுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியது 2000 மே மாதத்தில்தான். அடுத்தவன் வீட்டுத் திருகு அவன் கையில் இருக்கிறது என்பதை உணர இது போதும்.

2013 ஜூலை 1-இல் முதல் கோள், 2016 ஏப்ரல் 28-இல் ஏழாவது கோள். மூன்றே ஆண்டில் ஏழும் பழுதில்லாமல் மேலே போய்ச் சேர்ந்தன. பெங்களூரு அருகே பியாலாலுவில் கட்டுப்பாட்டு மையம். இந்தியாவும் அதன் எல்லையிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் வரையும் சேவைப் பரப்பு. பொதுமக்களுக்கு ஒரு சேவை. அனுமதி பெற்றவர்களுக்கு, அதாவது முக்கியமாகப் படைகளுக்கு, பூட்டப்பட்ட இன்னொரு சேவை.

பிறகு சறுக்கல். முதல் கோளில் இருந்த, வெளிநாட்டிலிருந்து வாங்கிய மூன்று அணுக் கடிகாரங்களும் 2016-இல் நின்றுபோயின. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் ஏவிய கோள், ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாததால் உள்ளேயே சிக்கி வீணானது. 2018 ஏப்ரலில் அடுத்த மாற்று போய்ச் சேர்ந்தது. அதன்பின் 2023 மே மாதம் என்விஎஸ்-01 ஏவப்படும் வரை ஐந்து ஆண்டுகள் ஒரு வழிகாட்டிக் கோளும் ஏவப்படவில்லை. அகமதாபாத்தில் உருவான சொந்த அணுக் கடிகாரத்தோடு சென்ற என்விஎஸ்-01 நன்றாக வேலை செய்தது. 2025 ஜனவரி 29-இல், ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலாகப் போன என்விஎஸ்-02, வால்வு திறக்காததால் தன் சுற்றுப்பாதைக்கு உயர முடியவில்லை.

2025 ஜூலையில் அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு இது: இதுவரை ஏவியவை 11. இடம், நேரம் சொல்லும் நிலையில் இருப்பவை 4. ஒருவழிச் செய்தி அனுப்ப மட்டும் பயன்படுபவை 4. ஓய்வு கொடுக்கப்பட்டது 1. உரிய பாதைக்குப் போய்ச் சேராதவை 2. ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கக் குறைந்தது நான்கு கோள்கள் வேண்டும், ஏனென்றால் நீளம், அகலம், உயரம் என்ற மூன்றோடு உங்கள் கருவியின் கடிகாரப் பிழையும் தெரியாத எண். நான்கு தெரியாதவற்றுக்கு நான்கு சமன்பாடுகள். அந்தக் கணக்குப்படி நாவிக் விளிம்பில் நின்றது. ஒன்று கண்ணை மூடினாலும், மற்ற நாட்டுக் கோள்களின் துணையில்லாமல் அது தனித்து இடம் சொல்ல முடியாது.

ராக்கெட் விழுவதும் வால்வு சிக்குவதும் விண்வெளித் துறையில் நடப்பவை. எந்த நாட்டுக்கும் நடந்திருக்கிறது. நான் குறை சொல்ல விரும்புவது அந்த ஐந்து ஆண்டு வெற்றிடத்தை. முதல் தலைமுறைக் கோள்களின் ஆயுள் சுமார் பத்து ஆண்டுகள் என்பது ஏவும்போதே தெரிந்த விஷயம். 2014-இல் போனது 2024-இல் முதுமை அடையும். இதற்கு வானியல் அறிவு வேண்டாம், நாட்காட்டி போதும். கடிகாரங்கள் நின்றுபோனது 2016-இலேயே தெரிந்துவிட்டது. அப்படியிருக்க, அடுத்த கோள் எங்கே என்று 2019-இலோ 2020-இலோ கேட்கும் கடமை யாருக்கு இருந்தது? ககன் விஷயத்தில் விமான நிலைய ஆணையம் கேட்டிருக்கும், அது அவர்கள் நடத்தும் சேவை. நாவிக்கில் கோளைச் செய்பவர் இஸ்ரோ, இயக்குபவர் இஸ்ரோ, சேவை நன்றாக இருக்கிறது என்று சொல்பவரும் இஸ்ரோ. விண்வெளித் துறைக்கென்று கேபினட் அமைச்சர் கிடையாது, அது நேரடியாகப் பிரதமரின் கீழ் வருகிறது. வாடிக்கையாளர் என்று எழுந்து நின்று முறையிட ஓர் அமைச்சகம் இல்லை. இது இஸ்ரோ விஞ்ஞானிகளின் திறமைக் குறைவு அல்ல. சந்திரயானுக்கும் ககன்யானுக்கும் இருக்கும் கண்கள், மாதாமாதம் ஓசையில்லாமல் ஓட வேண்டிய சேவை ஒன்றுக்கு இல்லை.

ஒரே துறை எல்லாத் தொப்பிகளையும் போட்டுக்கொள்வதன் விலையை நாடு முன்பே ஒருமுறை பார்த்துவிட்டது. இஸ்ரோவின் வணிக நிறுவனமான ஆண்ட்ரிக்ஸ் 2005-இல் தேவாஸ் நிறுவனத்தோடு எஸ்-பேண்ட் அலைக்கற்றை உள்ளடக்கிய ஒப்பந்தம் போட்டது. 2011-இல் அரசு அதை ரத்து செய்தது. பன்னாட்டுத் தீர்ப்பாயங்களில் இழுபட்டு, மோசடி என்ற அடிப்படையில் தேவாஸைக் கலைத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லும் வரை கதை நீண்டது. அலைக்கற்றையை வைத்திருப்பவர், விற்பவர், கோளைக் கட்டுபவர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் நடுவில் நிறுத்திக் கேட்க ஆள் இருக்காது. 2020-இல் இன்-ஸ்பேஸ் என்ற அனுமதி அமைப்பைத் தனியே தொடங்கியது நல்ல முடிவு. 2023-இன் இந்திய விண்வெளிக் கொள்கை, இயங்கும் அமைப்புகளைத் தயாரிக்கும் வேலையிலிருந்து இஸ்ரோ விலகி ஆராய்ச்சியில் கவனம் செலுத்த வேண்டும் என்கிறது. இஸ்ரோ விலகினால் நாவிக்கை யார் கையில் ஒப்படைப்பது? அந்தக் கேள்வியைச் சுற்றியே நாம் போய்க்கொண்டிருக்கிறோம்.

நேரமும் நிலமும்

பரங்கிமலைக்குப் போனால் இந்தப் பொறுப்புப் பங்கீட்டின் பழைய வடிவம் ஒன்று கிடைக்கும். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி எஃகுச் சங்கிலியால் சுமார் ஏழரை மைல் நேர்கோட்டை அளந்தார். இந்தியாவை முக்கோணங்களால் அளந்த பெருந்திட்டத்துக்கு அந்தக் கோடுதான் அடித்தளம். பணம் சென்னை அரசுடையது, அதிகாரி ராணுவத்திலிருந்து வந்தவர், பூமியில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதற்கான ஆதாரப் புள்ளி 1792 முதல் நுங்கம்பாக்கத்தில் இயங்கிய சென்னை வானாய்வகம். அளவை பெரிதானதும் 1818-இல் சென்னையின் கையிலிருந்து எடுத்துக் கல்கத்தா அரசு பொறுப்பேற்றது. (திருநீர்மலையின் மேலே சன்னதி கொண்டிருக்கும் மூர்த்திகளில் ஒருவர் உலகளந்த பெருமாள் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருக்கு மூன்றடி போதுமானதாக இருந்தது. லாம்டனுக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் ஆயுளே போதவில்லை.)

அதே வானாய்வகம்தான் நேரத்தையும் கொடுத்தது. 1906-இல் இந்திய நேரம் நடைமுறைக்கு வரும் முன் ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. இடத்தைச் சொல்பவரும் நேரத்தைச் சொல்பவரும் அன்று ஒருவரே. செயற்கைக்கோள் வழிகாட்டலும் அடிப்படையில் இதுதான்: கோள் அனுப்புவது தன் இருப்பிடத்தையும் அந்த நொடியின் நேரத்தையும் மட்டுமே. சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தைத் தூரமாக்கி நம் கைப்பேசி இடத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு தவறினால் தரையில் சுமார் 30 சென்டிமீட்டர் தவறும்.

இன்று இந்தப் பொறுப்புகள் சிதறிக் கிடக்கின்றன. நாட்டின் அதிகாரபூர்வ நேரத்தைக் காப்பது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அது அறிவியல், தொழில்துறை ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் வருகிறது. நாவிக்குக்கென்று தனி நேரத்தை இஸ்ரோ வைத்திருக்கிறது. எந்த நேரத்தைச் சட்டப்படி பயன்படுத்த வேண்டும் என்று விதி செய்யும் அதிகாரம் நுகர்வோர் விவகாரத் துறையிடம். அந்தத் துறை 2025 ஜனவரியில் வரைவு விதிகளை வெளியிட்டது. அகமதாபாத், பெங்களூரு, புவனேஸ்வர், ஃபரிதாபாத், குவாஹாட்டி ஆகிய ஐந்து ஆய்வகங்கள் வழியே இந்திய நேரத்தை நாடெங்கும் பரப்புவது திட்டம். கணினிகள் எந்த சர்வரோடு நேரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று 2022 ஏப்ரலில் ஆணையிட்டதோ மின்னணு அமைச்சகத்தின் கீழுள்ள கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன். நிலத்தின் ஆதாரப் புள்ளிகளைப் பராமரிப்பது லாம்டனின் வாரிசான இந்திய நில அளவைத் துறை. நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையான செயற்கைக்கோள் அளவை நிலையங்களை அது நடத்துகிறது. அது இருப்பது அறிவியல் தொழில்நுட்பத் துறையில். மின் வலையமைப்புக்கும் வங்கிக்கும் செல்பேசிக் கோபுரத்துக்கும் நேரம் வேண்டும், ஆனால் ஒரு நாள் நேரம் தவறினால் யார் கதவைத் தட்டுவது என்று அவர்களுக்குச் சொல்ல ஒரே முகவரி கிடையாது.

தெருவுக்கு வந்தால்

பல்லாவரம் – திருநீர்மலை சாலையில் ஓடும் ஒரு வேனை எடுத்துக்கொள்வோம். பொதுப் பயணிகள் வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டும் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏஐஎஸ்-140 விதி. 2019 ஏப்ரல் முதல் அந்தக் கருவிக்கு நாவிக்கும் புரிய வேண்டும். கருவியைச் சோதித்துச் சான்று தருவது சோதனை நிறுவனங்கள். பொருத்தியிருக்கிறதா என்று பார்ப்பது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். பொத்தானை அழுத்தினால் எடுக்க வேண்டியது மாநில அரசின் கட்டுப்பாட்டு அறை. சிம் கார்டு ஒரு தனியார் நிறுவனத்துடையது. கருவி ஜிபிஎஸ், நாவிக் இரண்டையும் பிடிக்கும் என்பதால் நாவிக் தளர்ந்தாலும் வேன்காரருக்கு எதுவும் தெரியாது. அவரைப் பொறுத்தவரை எஃப்.சி. எடுக்கும்போது கட்ட வேண்டிய இன்னொரு செலவு அது. விதி போட்டவருக்கும் சிக்னல் தருபவருக்கும் இடையே பிணைப்பு எதுவும் இல்லாததால், சிக்னல் தரம் குறைந்தாலும் விதி மாறாமல் நிற்கிறது.

ரயில்வே இந்த விஷயத்தில் சாமர்த்தியசாலி. என்ஜின்களில் பொருத்தும் நிகழ்நேரத் தகவல் கருவியை ககன் அடிப்படையில் இஸ்ரோவோடு சேர்ந்து உருவாக்கித் தன் சொந்தத் தகவல் மையமான கிரிஸ் வழியே நடத்திக்கொள்கிறது. பயனாளியும் அவர்களே, பொறுப்பாளரும் அவர்களே.

செல்பேசிகளில் நாவிக் கட்டாயம் என்று மின்னணு அமைச்சகம் 2022-இலிருந்து பேசிவருகிறது. கெடு சொல்வதும் தள்ளுவதுமாகப் போகிறது. தயாரிப்பாளர்கள் தயங்கியதற்கு நியாயம் இருந்தது. பழைய கோள்கள் எல்5, எஸ் என்ற இரு அலைவரிசைகளில் மட்டும் பேசின. உலகின் மலிவான சிப்புகளோ ஜிபிஎஸ் பயன்படுத்தும் எல்1-ஐத்தான் கேட்கும். எல்1 சேர்ந்தது 2023-இல் என்விஎஸ்-01 வந்தபின்தான். எஸ் அலைவரிசை 2,492 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. நம் வீட்டு வைஃபை 2,483.5-இல் முடிகிறது. இந்தப் பக்கத்து வீட்டுச் சச்சரவைத் தீர்ப்பது தொலைத்தொடர்புத் துறையின் அலைக்கற்றைப் பிரிவு. 2006-இல் ஒப்புதல் பெற்ற அமைப்பின் முதல் வரைபடம் போடும்போதே செல்பேசித் துறையை மேசைக்கு அழைத்திருந்தால் எல்1 முதல் கோளிலேயே இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

கடலில் இந்தக் குழப்பம் உயிர்களோடு விளையாடுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் அடித்தபோது, ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்க வழியில்லை. அதன்பின் நாவிக் வழியே செய்தி பெறும் கருவிகள் மீனவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. 2019 அக்டோபரில் ககன் வழியே செய்தி தரும் ஜெமினி கருவி வந்தது. அதைக் கொண்டுவந்தவை விமான நிலைய ஆணையமும், புவி அறிவியல் அமைச்சகத்தின் ஹைதராபாத் கடல் தகவல் மையமும். மீனவருக்கு எச்சரிக்கை தரும் வேலையில் விமான நிலைய ஆணையம் இருப்பது வினோதமாகத் தோன்றலாம். ஆனால் சேவையை நடத்தும் பழக்கம் அவர்களுக்கு இருந்ததால் செய்ய முடிந்தது. இரண்டுமே ஒருவழிக் கருவிகள். கரை பேசும், படகு பதில் சொல்ல முடியாது. 2024-இல் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழிக் கருவி தரும் 364 கோடி ரூபாய்த் திட்டம் மீன்வளத் துறையால் தொடங்கப்பட்டது. ஆபத்துக் குரல் கிடைத்தால் தேடப்போவது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் கடலோரக் காவல் படை. அதன் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது. நான்கு அமைச்சகங்கள், ஒரு படகு.

மற்றவர்கள் எழுதிவைத்தது

அமெரிக்காவில் ஜிபிஎஸ் படைக்காகப் பிறந்தது. 1983-இல் 269 பேரோடு வழிதவறிச் சென்ற கொரிய விமானத்தைச் சோவியத் சுட்டு வீழ்த்தியபின், பொதுப் பயணத்துக்கும் அது திறந்துவிடப்படும் என்று ரீகன் அரசு அறிவித்தது. அப்போதிருந்தே ராணுவச் சொத்தில் பொதுமக்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வி அவர்களைத் துரத்தியது. 1996-இல் கிளிண்டன் பிறப்பித்த ஆணை பாதுகாப்புத் துறையையும் போக்குவரத்துத் துறையையும் சம நாற்காலியில் உட்காரவைத்தது. 2004-இல் இரு துறைகளின் துணைச் செயலர்கள் இணைத் தலைமை ஏற்கும் தேசியக் குழு வந்தது. 2021 ஜனவரியில் வெளியான விண்வெளிக் கொள்கை ஆணை, எந்தத் துறை எதைச் செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதியது: கோள்களை நடத்துவது பாதுகாப்புத் துறை, சிவில் தேவைகளுக்குத் தலைமை போக்குவரத்துத் துறை, உள்நாட்டில் குறுக்கீட்டைக் கண்டுபிடிப்பதில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குப் பங்கு, பிற நாடுகளோடு பேசுவது வெளியுறவுத் துறை. விமானம் அல்லாத பயனாளிகளின் புகாரைக் கேட்கக் கடலோரக் காவல் படையின் மையம் இருக்கிறது. பொதுச் சேவையின் தரம் எவ்வளவு இருக்கும் என்று அரசே கையெழுத்திட்ட ஆவணம் ஒன்றும் உண்டு. அதன் ஐந்தாம் பதிப்பு 2020 ஏப்ரலில் வந்தது.

எழுதிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அர்த்தமில்லை. அதே 2020 ஏப்ரலில்தான், ஜிபிஎஸ்ஸுக்குப் பக்கத்து அலைக்கற்றையில் லிகாடோ நிறுவனத்துக்கு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் அனுமதி தந்தது. பாதுகாப்புத் துறையும் போக்குவரத்துத் துறையும் எதிர்த்தும் பயனில்லை. அந்த ஆணையம் 2004-இன் தேசியக் குழுவுக்குக் கட்டுப்பட்டதல்ல. ஐரோப்பாவில் கலிலியோ 2019 ஜூலையில் கிட்டத்தட்ட ஒரு வாரம் முடங்கியது. உரிமையாளராக ஐரோப்பிய ஆணையமும், உருவாக்குநராக ஐரோப்பிய விண்வெளி முகமையும், சேவை நடத்துநராகப் பிராகிலுள்ள முகமையும் இருந்தும் அது நடந்தது. ஆனால் அதன்பின் சுயேச்சையான விசாரணைக் குழு அமைந்தது. 2021-இன் புதிய ஒழுங்குமுறை மூவரின் வேலைகளையும் சட்டத்தில் இன்னும் தெளிவாக எழுதியது. முடங்கியது யாருடைய கண்காணிப்பில் என்று கேட்க முடிந்ததால்தான் திருத்த முடிந்தது.

நம்மிடம் இதற்கு விதை இல்லாமல் இல்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த கே. சிவன் இஸ்ரோ தலைவராக இருந்த 2021-இல் இந்தியச் செயற்கைக்கோள் வழிகாட்டல் கொள்கை வரைவாக மக்கள் பார்வைக்கு வந்தது. சேவை தடையில்லாமல் தொடர்வது, பயன்பாட்டைப் பெருக்குவது, படிப்படியாக மேம்படுத்துவது என்று அதன் நோக்கங்கள் சரியானவை. 2020 நவம்பரில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு நாவிக்கை உலகக் கப்பல் வழிகாட்டலின் ஒரு பகுதியாக ஏற்றது. வெளிநாட்டுக் கப்பல் தலைவர்களுக்கு நாம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பதே அதன் பொருள்.

வாக்கைக் காக்கப் புதிய அமைச்சகம் எதுவும் தேவையில்லை. ககனில் செய்ததை நாவிக்குக்கும் செய்தால் போதும். கோளைக் கட்டுவது இஸ்ரோவோ தொழில்துறையோ, யாராக இருந்தாலும் சரி. சேவையை நடத்த இஸ்ரோவுக்கு வெளியே, தனி நிதியும் தனித் தலைவரும் கொண்ட அமைப்பு ஒன்று வேண்டும். விமானம், கப்பல், ரயில், தொலைத்தொடர்பு, நேரம், நில அளவை, பாதுகாப்பு ஆகிய துறைகள் அதன் குழுவில் அமர்ந்து, அடுத்த கோள் எப்போது என்று கேட்கும் உரிமையோடு இருக்க வேண்டும். சிக்னல் சொன்னபடி இருக்கிறதா என்று சோதித்துச் சான்று தரும் வேலையை இந்த இருவரிடமும் கொடுக்கக் கூடாது. எத்தனை கோள்கள் வேலை செய்கின்றன, துல்லியம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் சேவை இல்லை என்பதை மாதந்தோறும் வெளியிட வேண்டும். அதை அறிய நாடாளுமன்றக் கேள்விக்காகவும் தகவல் உரிமை மனுவுக்காகவும் மக்கள் காத்திருக்கக் கூடாது. போலி சிக்னல் விஷயத்தில் விமானி, டிஜிசிஏ, தொலைத்தொடர்புக் கண்காணிப்பு மூன்றுக்கும் நடுவே ஒரே தலைமை அதிகாரியை அரசாணையில் பெயரிட வேண்டும்.

திருநீர்மலையும் தாம்பரமும் அடங்கிய ஸ்ரீபெரும்புதூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போகும் உறுப்பினர் இதைக் கேட்கப் பொருத்தமானவர். நாவிக் சேவை நாளை நின்றுபோனால் பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் பதவி என்ன, அவரை அதற்குப் பொறுப்பாக்கும் ஆணையின் எண் என்ன என்று ஓர் எழுத்துமூலக் கேள்வி போதும்.